குடியாத்தம் கைலியோடு சவேரியார் முன்னால்

வேலூர் காந்தி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் எனக்கு ஜெராக்ஸ் கடை. சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வருகிற வங்காளிகளும் ஜார்கண்ட்காரர்களும்தான் எனக்குப் படியளக்கிறவர்கள். ரிப்போர்ட்டை நகலெடுக்கக் கொடுத்துவிட்டு, "அடுத்த டெஸ்ட் வியாழக்கிழமை, அதுவரைக்கும் எங்க போகலாம்?" என்று கேட்பார்கள். பதினெட்டு வருஷமாக என்னிடம் ஒரே பதில்தான்: கோட்டை, உள்ளே ஜலகண்டேஸ்வரர். கூடவே இலவச அறிவுரையும் உண்டு. அது மியூசியம் இல்லை, கோயில். நெடுங்காலம் சாமியில்லாமல் வெறும் கட்டடமாகக் கிடந்தது. 1981-ல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்த பிறகுதான் மறுபடி விளக்கு எரிகிறது. அதனால் ஒழுங்காக உடுத்திக்கொண்டு போங்கள் என்பேன்.

என்றைக்காவது சாயங்காலம் நானே கோயிலுக்குப் போனால், கல்யாண மண்டபத்தில் எவனாவது டவுசரோடு யாளியின் காலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போட்டோவுக்கு இளித்துக்கொண்டிருப்பான். "பையா, மந்திர் ஹை" என்று அதட்டுவேன். வீட்டுக்காரி பக்கத்தில் நின்று, "உங்க வேலையப் பாருங்க" என்று முனகுவாள்.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், 2025 ஆடி மாதத்தில் பழைய கோவாவில், புனித சவேரியாரின் உடல் இருக்கிற போம் ஜீசஸ் பசிலிக்கா வாசலில் அரைக்கால் டவுசரோடு நின்று, காவலாளியிடம் வாங்கிக்கட்டிக்கொண்ட ஆள் நான்தான்.

போனதே எதிர்வீட்டு டீச்சரம்மாவுக்காக. ஓய்வுபெற்றுப் பதினைந்து வருஷம் ஆகிறது. வேலூரிலேயே பிறந்து வளர்ந்தவர், ஆனால் அவர் அம்மா தூத்துக்குடிப் பக்கத்துக் கடலோர ஊரான மணப்பாட்டுக்காரர். 2024 நவம்பரில் கோவாவில் சவேரியாரின் உடலைக் கீழே இறக்கிப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். பத்து வருஷத்துக்கு ஒருமுறைதான் வைப்பார்கள். டீச்சரம்மாவுக்கு அப்போதுதான் முட்டி ஆபரேஷன். 2025 ஜனவரி 5-ம் தேதியோடு அது முடிந்தும் போயிற்று. "அடுத்த தடவைக்கு எனக்கு எண்பத்து ரெண்டு ஆயிடும் தம்பி. அது கிடக்கட்டும், பெட்டியையாவது ஒரு தடவ பார்த்துட்டு வந்துடணும்" என்றார். என் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரி திறக்கக் காத்திருந்தாள். அவளுக்குக் கடல், டீச்சரம்மாவுக்குச் சவேரியார், எனக்கும் வீட்டுக்காரிக்கும் ஒரு வாரம் ஜெராக்ஸ் மிஷின் சத்தத்திலிருந்து விடுதலை. மழைக்காலமாக இருப்பதால் அங்கே ரூம் வாடகையும் பாதிதான்.

எனக்குத் தெரிந்த கோவா வேறு. சவேரியார் என்றால் நாகர்கோவில் கோட்டாறு, டிசம்பர் 3-க்குக் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை, அவ்வளவுதான் தெரியும். பிரான்சிஸ் சேவியர் என்று காலேஜுக்கெல்லாம் பேர் வைத்திருக்கிறார்களே, அவரும் நம் சவேரிமுத்துகளின் சவேரியாரும் ஒருவர்தான் என்பதே காட்பாடியில் ரயில் ஏறிய பிறகு டீச்சரம்மா சொல்லித்தான் எனக்கு உறைத்தது.

காட்பாடியிலிருந்து பெங்களூருக்கு ரயில், அங்கிருந்து இரவு பஸ்ஸில் பணஜி. பஸ்ஸில் ஏ.சி. குளிர் எலும்பைத் துளைத்தது. நல்லவேளை, தோள்பையில் குடியாத்தம் கைலி ஒன்று இருந்தது, எடுத்துப் போர்த்திக்கொண்டேன். எங்கே போனாலும் ஒரு கைலி கூட வரவேண்டும் என்பது என் அப்பா சொல்லிக்கொடுத்தது. விரிப்பாகும், போர்வையாகும், துண்டாகும், அவசரத்துக்குத் திரையுமாகும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பணஜியில் இறங்கினோம். ரூம் பன்னிரண்டு மணிக்குத்தான் கிடைக்கும் என்றார்கள். பெட்டிகளை அங்கேயே போட்டுவிட்டு, முகம் கழுவி, பல் துலக்கி, நேரே பழைய கோவாவுக்கு லோக்கல் பஸ் ஏறினோம். பத்து கிலோமீட்டருக்குள்தான். ஆற்றங்கரை ஓரமாகவே போகிற ரோடு. இரண்டு பக்கமும் அப்படி ஒரு பச்சை. பாலாற்றில் தண்ணீரைப் பார்த்தாலே போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிற ஊர்க்காரர்கள் நாங்கள். மாண்டவி ஆறு இரு கரையும் தளும்பிப் போவதைப் பார்த்து வீட்டுக்காரி பேச்சையே நிறுத்திவிட்டாள். பக்கத்து சீட்டுக்காரர் எந்த ஊர் என்று கேட்டார். வேலூர் என்று வாயைத் திறந்ததுமே, "சி.எம்.சி.!" என்றார். அவருடைய அக்காவுக்கு அங்கேதான் இருதய ஆபரேஷனாம். எங்கே போனாலும் இந்த ஊர்க்காரனுக்கு இப்படி ஒரு சொந்தம் கிடைத்துவிடுகிறது.

முதல் தப்பு கிழமையில். ஞாயிறு காலை அங்கே பூசை வரிசையாக நடக்கும். பூசைக்கு வருகிறவர்கள் தாராளமாகப் போகலாம். சுற்றிப்பார்க்க வந்தவர்கள் முடிகிறவரை வெளியேதான் நிற்கவேண்டும். டீச்சரம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். நாங்கள் மூன்று பேரும் ஒரே குடையில், மழையில், பத்தரை மணி தாண்டும் வரைக்கும் நின்றோம். போகிறவர்கள் திங்கள் முதல் சனிக்குள் ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறுதான் தோதுப்படும் என்றால் பதினொரு மணிக்கு மேல் வாருங்கள்.

இரண்டாவது தப்பு என் உடுப்பு. கோவா என்றால் இப்படித்தான் என்று நினைத்து லாங்கு பஜாரில் புதிதாக வாங்கிய டவுசர். முட்டிக்கு ஒரு சாண் மேலே, பாக்கெட்டில் தென்னைமரம் போட்டது. மகள் கையில்லாத டாப்ஸ். வாசலில் அறுபது வயசு மதிக்கத்தக்க காவலாளி ஒருவர், மகளைப் பார்த்துத் தோளைத் தொட்டுக் காட்டினார். என்னைப் பார்த்து முட்டியைக் காட்டினார். தலையை ஆட்டினார். அவ்வளவுதான், ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்காரி தன் துப்பட்டாவை மகள் தோளில் போர்த்திவிட்டாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கல்யாண மண்டபம், யாளி, "மந்திர் ஹை" எல்லாம் இருந்தது.

தோள்பையிலிருந்து கைலியை எடுத்தேன். நீலமும் பச்சையும் கட்டம் போட்டது. அந்த வாசலிலேயே, நூறு பேர் பார்க்க, உதறி, டவுசர் மேல் சுற்றி, இடுப்பில் செருகினேன். பின்னால் நின்ற வடநாட்டுக் கும்பல் கைதட்டியது. காவலாளிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குனிந்து கைலியின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார். "நல்ல துணி" என்று இந்தியில் சொல்லிவிட்டு வழிவிட்டார். எல்லாருக்கும் பையில் கைலி இருக்காது. ஆகையால் ரூமிலிருந்து கிளம்பும்போதே முட்டியையும் தோளையும் மூடிக்கொண்டு கிளம்புங்கள். கடற்கரையிலிருந்து அப்படியே பழைய கோவாவுக்கு வண்டியைத் திருப்புகிறவர்கள்தான் அந்த வாசலில் அதிகமாக மாட்டுகிறார்கள்.

மூன்றாவது தப்பு வீட்டுக்காரியுடையது; அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். சாமி இருக்கிற இடம் என்று செருப்பைக் கழற்றிச் சுவரோரம் விட்டாள். அங்கே யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை; செருப்பு விடுகிற இடம் என்று ஒன்று இல்லவே இல்லை. வெளியே வந்தபோது ஒரு செருப்பு கூரைத் தண்ணீர் கொட்டுகிற இடத்தில் குப்புறக் கிடந்தது. இன்னொன்று வாசல் பக்கம் தேங்கிய தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. மகள் அதைத்தான் அன்றைக்கு முதல் போட்டோவாக எடுத்தாள்.

உள்ளே நடந்ததைச் சொல்ல எனக்கே வெட்கம். கும்பலோடு கும்பலாகப் போனோம். எதிரே தரையிலிருந்து கூரை வரைக்கும் பொன்முலாம் பூசிய பீடம். "அங்க நில்லு, பீடம் முழுசா வரணும்" என்று வீட்டுக்காரியை நிறுத்திப் போனைத் தூக்கினேன். பின்னாலிருந்து ஒரு குரல். ஆளை நிறுத்திப் போட்டோ எடுக்கக் கூடாதாம்; பீடத்தை எடுக்கலாம், கட்டடத்தை எடுக்கலாம், அதற்கு முன்னால் நீங்கள் நின்று சிரிப்பதை எடுக்கக் கூடாது. சரியான விதி. நம் கோயிலுக்கும் இப்படி ஒன்றைப் போட்டால் தேவலை என்று பதினெட்டு வருஷமாகப் பேசியவன், அங்கே போய் அதே விதியை மீறி வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

வாசலில் கைடு என்று சொல்லிக்கொண்டு ஒருவர் எங்களோடு ஒட்டிக்கொண்டதையும் சொல்லவேண்டும். பேரம் பேசி ஐந்நூறு ரூபாய்க்குப் படிந்தார். ஆயிரம் வருஷத்துக் கட்டடம் என்றார். சவேரியாருக்கு இன்றைக்கும் நகம் வளர்கிறது, வருஷத்துக்கு ஒருமுறை வெட்டுகிறார்கள் என்றார். மகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். டீச்சரம்மா நெற்றியில் கைவைத்துக்கொண்டார். கைடு போனபிறகு, "நகமும் இல்ல, முடியும் இல்ல தம்பி. அழியாத உடல்னு விசுவாசத்துல சொல்றோம். இப்ப அது காஞ்சு சுருங்கிப்போன உடம்பு. அவ்வளவுதான். அதுக்காக என் மரியாத குறையுமா?" என்றார். ஐந்நூறு ரூபாய் போனதில் வருத்தம்தான். ஆனால் டீச்சரம்மா அன்று ராத்திரி ரூமில் சொன்னதெல்லாம் அந்தக் கடுப்பில் வந்ததுதான்.

அவர் சொன்னதையும், பிறகு நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். போம் ஜீசஸ் என்றால் போர்த்துக்கீசிய மொழியில் 'நல்ல இயேசு'. குழந்தை இயேசுவைக் குறிப்பது. கட்ட ஆரம்பித்தது 1594, அர்ச்சித்தது 1605. நம் கோட்டையும் அதே நூற்றாண்டுதான். பசிலிக்கா என்கிற பட்டம் 1946-ல் வந்தது. சவேரியார் இன்றைய ஸ்பெயினில் இருக்கிற நவாராவில் பிறந்தவர். 1542 மே 6-ம் தேதி கோவாவில் வந்து இறங்கினார். அதே வருஷம் முத்துக்குளித்துறைக்கு, அதாவது மணப்பாடு இருக்கிற தூத்துக்குடிக் கடற்கரைக்குப் போய்ப் பரதவர்கள் நடுவே தங்கினார். 1552 டிசம்பர் 3-ல் சீனக் கரைக்கு எதிரே ஒரு தீவில் காய்ச்சலில் இறந்தார், வயது 46. அங்கே புதைத்த உடலை எடுத்து மலாக்காவுக்கும், பிறகு 1554-ல் கோவாவுக்கும் கொண்டுவந்தார்கள். ஞானஸ்நானம் கொடுத்த வலது கையை 1614-ல் முழங்கைக்குக் கீழே பிரித்து ரோமாபுரிக்கு அனுப்பினார்கள். அங்கே அவருடைய துறவிகள் கூட்டமான இயேசு சபையாரின் தலைமைக் கோயிலில் இன்றும் இருக்கிறது.

"அப்போ இங்க இருக்கறது கையில்லாத உடம்பா?" என்றாள் வீட்டுக்காரி. அதற்கப்புறம் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை மகளுக்காகக் கடற்கரை. ஆடி மாதத்துக் கோவாக் கடல் சிவப்புக்கொடி நட்டுவைத்த கடல். கால் நனைக்கக்கூட விடவில்லை. அதில் எழுத ஒன்றுமில்லை.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் கிளம்பி மறுபடி அதே கோயிலுக்குப் போனோம். நான் சொல்ல வந்தது உண்மையில் இந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றித்தான். பேன்ட், முழுக்கைச் சட்டை. சுற்றுலா கும்பல் வருமுன் நடக்கிற காலைப் பூசை. உள்ளே முப்பது, நாற்பது பேர் இருந்திருப்பார்கள், எல்லாம் உள்ளூர்க்காரர்கள். கொங்கணியில் பாட்டு. ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் எப்போது எழுந்திருப்பது, எப்போது முழங்கால் போடுவது என்பதெல்லாம் வேலூர் பேராலயத்தில் நடக்கிற மாதிரியேதான் என்று டீச்சரம்மா சொன்னார். எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. கடைசி வரிசை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டோம். யாரும் எங்களை எழுந்திருக்கச் சொல்லவுமில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை.

உட்கார்ந்தபிறகுதான் கண் வேலை செய்ய ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரே பொன்மயமாகத் தெரிந்த பீடத்தில் அடுக்கடுக்காக ஆட்கள் இருந்தார்கள். கீழே சின்னதாகக் குழந்தை இயேசு. அதற்கு மேலே ஆளைவிடப் பெரிய சிலை. இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் அவர். கையை விரித்து அண்ணாந்து பார்க்கிறார். எதைப் பார்க்கிறார் என்று நானும் கண்ணை மேலே கொண்டுபோனேன்: கதிர் வீசுகிற சூரியன் மாதிரி ஒரு வட்டம், நடுவில் மூன்று எழுத்து. இயேசுவின் பேரை கிரேக்கத்தில் எழுதும்போது வருகிற முதல் மூன்று எழுத்துகள் அவை. அதே மூன்று எழுத்து வெளியே முகப்பின் உச்சியிலும் செதுக்கியிருக்கிறது. ஞாயிறன்று ஒரு மணி நேரத்துக்கு மேல் அதற்குக் கீழேயே நின்றிருந்தோம். நான் பார்த்தது முன்னால் நின்றவரின் குடையை.

பூசை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு சவேரியார் பக்கம் போனோம். பீடத்தைப் பார்த்து நின்றால் வலது கைப்பக்கம். வெள்ளிப் பேழை உயரத்தில் இருக்கிறது, கழுத்தை நிமிர்த்தித்தான் பார்க்கவேண்டும். உள்ளே முகம் தெரியும் என்ற எதிர்பார்ப்போடு போகாதீர்கள். பேழையைச் செய்தவர்கள் கோவாத் தட்டார்கள், 1636-37-ல். சவேரியார் வாழ்க்கையிலிருந்து 32 காட்சிகளை வெள்ளித் தகட்டில் அடித்திருக்கிறார்கள். அதைத் தாங்கி நிற்கிற பளிங்கு மேடை இத்தாலியிலிருந்து வந்தது. டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ மெடிச்சி கொடுத்த காணிக்கை. ஃபோஜ்ஜினி என்கிற சிற்பி பத்து வருஷம் உழைத்து முடித்தது. கப்பலில் வந்து 1698-ல் இங்கே பூட்டினார்கள். கல்லில் மூன்று நான்கு நிறம் ஒன்றுக்குள் ஒன்று ஓடுகிறது. நான்கு பக்கமும் வெண்கலத்தில் ஒவ்வொரு காட்சி. வெள்ளிப் பேழையைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்த வெண்கலப் பலகைகளுக்கு எதிரே ஐந்து நிமிடம் நில்லுங்கள் என்பேன். கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே இருப்பதால் முகங்கள்கூடத் தெரியும்.

டீச்சரம்மாவால் முழங்கால் போட முடியாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே, "பரமண்டலங்களில் இருக்கிற எங்கள் பிதாவே" என்று ஆரம்பித்தார். இப்போது கோயிலில் சொல்வது வேறு மாதிரி, 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே'. அவர் சொன்னது அவர் அம்மா சொல்லிக்கொடுத்த பழைய வாசகம். கோயிலில் அப்போது நாங்கள் நால்வரும் தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவும்தான். துடைப்பதை நிறுத்திவிட்டு அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். என்ன பாஷை என்று யோசித்திருப்பார்.

முடித்துவிட்டு டீச்சரம்மா கண்ணைத் துடைத்தார். "எங்க அம்மா ஊருக்கு வந்தப்ப இவருக்குத் தமிழ் தெரியாது தம்பி. நம்ம பாஷையும் தெரிஞ்ச ஆளுங்கள வெச்சு இந்தச் செபத்தத் தமிழ்ல எழுதி வாங்கி, மனப்பாடம் பண்ணி, சனங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாரு. அவரு சொல்லிக்கொடுத்ததை அவருகிட்டயே திருப்பி ஒப்பிச்சுட்டேன். டீச்சர் இல்ல நான், இன்னைக்குப் பிள்ள."

வார்த்தைகள் இந்த 480 வருஷத்தில் எத்தனை முறை மாறியிருக்கும் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. வாயைத் திறக்கவில்லை. மணப்பாட்டில் கடலோரத்துக் குகை ஒன்றைக் காட்டி, அவர் தங்கிச் செபம் செய்த இடம் என்கிறார்கள். அங்கே போயிருந்தால் இந்த அம்மா என்ன செய்திருப்பார் என்று மட்டும் தோன்றியது.

வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. நகர முடியாமல் சுவரோரம் ஒதுங்கினோம். அந்தச் சுவர் செம்புரைக் கல். மேலெல்லாம் ஓட்டை ஓட்டையாக, டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி. கோவாவின் மற்ற வெள்ளைக்காரத்தனமான கோயில்களெல்லாம் சுண்ணாம்பு பூசி வெள்ளை வெளேரென்று நிற்க, இது மட்டும் சிவப்பாகத் தோலுரித்து நிற்கிறது. இதற்கும் பூச்சு இருந்ததாம். 1950-களில் பழைய தோற்றத்தைக் காட்டுகிறோம் என்று சுரண்டி எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து வருஷாவருஷம் மழை நேராகக் கல்லில் விழுகிறது. மறுபடி பூசவேண்டும் என்று கோயில் தரப்பில் கேட்கிறார்கள். சிவப்புச் சுவருக்குப் பழகிய கண்களுக்கு அது ஒப்பவில்லை. நம் கோட்டைக் கருங்கல்லில் மழை பட்டால் வழிந்து அகழிக்கு ஓடிவிடும். இந்தக் கல் தண்ணீரைக் குடிக்கிறது. கையை வைத்தேன், எடுத்தபோது உள்ளங்கை ஈரமாக, செம்மண் ஒட்டி இருந்தது. போட்டோவுக்குச் சிவப்பு அழகுதான். ஆனால் அந்தக் கையைப் பார்த்தபிறகு என் ஓட்டு பூச்சுக்கு.

எதிர்ப்புறம் சே பேராலயம், ரோட்டைத் தாண்டினால் வந்துவிடும். இரட்டைக் கோபுரத்தில் ஒன்று 1776-ல் விழுந்துவிட்டது. மிஞ்சிய ஒன்றோடு ஒரு பக்கம் தோள் இறங்கின மாதிரி நிற்கிறது. உள்ளே பெரிசு, அமைதி, கூட்டமும் குறைவு. சவேரியார் உடலைப் பொதுப்பார்வைக்கு வைக்கும்போது இங்கேதான் கொண்டுவருவார்கள். பக்கத்திலேயே தொல்லியல் துறை மியூசியம். நம் கோட்டை மியூசியம் மாதிரியே வெள்ளிக்கிழமை லீவு. அகுஸ்தீன் மடத்து இடிந்த கோபுரம் வரை மகளும் நானும் மட்டும் ஏறினோம். 46 மீட்டர் உயரத்துக்கு ஒரு ஒற்றைச் சுவர், சுற்றிலும் புல். இவ்வளவு பெரிய ஊர் காலராவிலும் மலேரியாவிலும் ஆள் இல்லாமல் போய், தலைநகரத்தையே பணஜிக்கு மாற்றினார்கள் என்று படித்தபோது நம்பவில்லை. அந்த மேட்டில் நின்றபோது நம்பினேன். முட்டிவலிக்காரர்களை அங்கே கூட்டிப்போக வேண்டாம். அவர்களுக்குக் கீழே ஆற்றங்கரைப் படகுத்துறை போதும். வாஸ்கோ ட காமா சிலை வைத்த வளைவைத் தாண்டினால் துறை வந்துவிடும். திவார் தீவுக்குப் போய்வர ஆளுக்குக் காசில்லை, உட்கார்ந்தபடியே ஆற்றைப் பார்க்கலாம்.

மெழுகுவர்த்தி விற்கிறவர்கள் வழியெங்கும் மறிப்பார்கள். வர்த்தி மட்டுமில்லை, மெழுகில் செய்த கை, கால், குழந்தை, வீடு எல்லாம் விற்கிறார்கள். எந்த இடத்தில் நோவோ அந்த உறுப்பை வாங்கிக் காணிக்கை வைக்கிறார்கள். வேளாங்கண்ணியில் தகட்டில் வாங்குவதுதான் இங்கே மெழுகில். விலையை இரண்டு மூன்று பேரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். வாங்காவிட்டாலும் குடிமுழுகிப் போகாது, உள்ளே போக அது டிக்கெட் இல்லை. உள்ளே போவதற்குக் கட்டணமே கிடையாது. டீச்சரம்மா ஒரு மெழுகுக்கால் வாங்கினார். ஆபரேஷன் ஆனது இடதா வலதா என்று அவருக்கே சந்தேகம் வந்து, புடவையைக் கொஞ்சம் தூக்கித் தழும்பைப் பார்த்துவிட்டு இடதை எடுத்துக்கொண்டார். விற்ற பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கிளம்பும்போது வாசலில் அதே காவலாளி. என் பேன்ட்டைப் பார்த்துவிட்டு, "லுங்கி எங்கே?" என்றார். ரூமில் இருக்கிறது என்றேன். எந்த ஊர்ச் சரக்கு, என்ன விலை, துவைத்தால் சாயம் போகுமா என்று வரிசையாகக் கேட்டார். குடியாத்தம் என்ற பேரை அவர் வாயில் வரவைக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. 'குடியாட்டம்' வரைக்கும்தான் வந்தது. அவருக்கு முட்டிக்குக் கீழே மழைக்கோட்டிலிருந்து சொட்டிய தண்ணீரில் பேன்ட் நனைந்து ஒட்டிக்கிடந்தது. டியூட்டி முடிந்து அப்படியேதான் பஸ் ஏறிப் போவாராம்.

புதன்கிழமை சாயங்காலம் பெங்களூர் பஸ். மதியம் மற்றவர்கள் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் பழைய கோவாவுக்கு இன்னொரு தடவை போய்வந்தேன். கைலியைப் பணஜி லாட்ஜிலேயே சோப்புப் போட்டு அலசி, ஃபேனுக்கடியில் காயவைத்து மடித்து எடுத்துப்போயிருந்தேன். சாயம் போகவில்லை.

ராத்திரி பஸ்ஸில் ஏ.சி. பழையபடியே குளிர்ந்தது. "இன்னாங்க, கைலி எங்க?" என்று வீட்டுக்காரி பையைக் குடைந்தாள்.